செயலாளர் ஆண்டறிக்கை: மலை உச்சிப் பாசியும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தோம். தீபாவளிக்கு முன் லயத்துப் பக்கம் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் சேர்ந்து செய்யும் பொதுவேலை, நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரமெல்லாம் ஸ்பேக்னம் பாசிக்குத்தான் போனது. "பாசிக்கெல்லாம் ஒரு சங்கமா?" என்று சந்தையில் கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம்.

நம் கேமரன் மலைப் பகுதியின் பிரிஞ்சாங் மலையிலும் 2,110 மீட்டர் உயர ஈராவ் மலையிலும், மேகம் வந்து மோதும் ஈரக்காட்டில் இது மெத்தை போல் படர்கிறது. வேர் கிடையாது. நுனி வளர வளர அடிப்பாகம் மடியும். இலையில் உள்ள வெற்றறைகள், காய்ந்த எடையைப் போல் 16 முதல் 20 மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கும். சுற்றியுள்ள நீரைத் தானே புளிப்பாக்கிக்கொள்வதால் மடிந்த பகுதி எளிதில் மக்காமல் கரிமண்ணாகச் சேர்கிறது. குளிர்நாட்டுச் சதுப்புகளில் அளந்த கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு பூட்ஸ் கால் 10 சென்டிமீட்டர் அமுக்குவது நூறு ஆண்டுச் சேமிப்பு.

மலையேறிகள் சேற்றை ஒதுக்கி ஓரமாக நடப்பதால் பாதை அகலமாகிக்கொண்டே போகிறது. காட்டை வெட்டிய விளிம்பில் காற்றும் வெயிலும் புகுந்து பாசி காய்கிறது. வெட்டிய சரிவின் மண் ஆற்றோடு இறங்கி, 1963-இல் கட்டிய அணையின் ரிங்லெட் ஏரியில் அடைகிறது. 2013 அக்டோபரில் அந்த அணை நீரைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் வேலியில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போனதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு அதிகம் உறுத்துவது நம் சொந்த ஊர் வியாபாரம்தான். ஆர்க்கிட் தொட்டிக்கும் குடுவைச் செடிக்கும் பாசியைப் பிடுங்கிப் பை பையாக விற்கிறோம், வாங்குகிறோம். சிலி நாட்டிலும் இந்த வியாபாரம் முற்றிப் போய், பாசி அறுவடைக்கு 2018-இல் விதி வந்தது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டுமா?

பூக்கடைகளில் பேசினோம். தேங்காய் நாருக்கு மாறச் சிலர் சரி என்றார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் "சுற்றுப்பயணி கேட்கிறானே" என்று கையை விரித்துவிட்டார். அவரிடம் இன்னும் பேசுவோம், கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

மனு எழுதி என்ன ஆகப்போகிறது என்போருக்கு ஒன்று: கோலா லங்காட் வடக்குக் காப்புக்காட்டின் கரிமண் பாசியால் ஆனதல்ல, மரங்கள் மடிந்து உண்டானது. அதன் பெரும்பகுதியின் காப்புநிலையை நீக்கிய முடிவை, மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2021-இல் சிலாங்கூர் அரசு திரும்பப் பெற்றது. நம் மனுவும் வனத்துறைக்குப் போயிருக்கிறது. உச்சிப் பாதையில், பாசியை மிதிக்காமல் நடக்க மரப்பலகை நடைபாதை போட வேண்டும் என்பதே கோரிக்கை. பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த ஆண்டு நம் மலர்ப் போட்டியில் மலைப்பாசி வைத்த தொட்டிகளைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். யாராவது வழிமொழிந்தால் இன்றே வாக்குக்கு விடலாம்.