மக்டேவிட் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, மச்சான்

ஸ்காபரோ
2025 ஒக்டோபர் 1

அன்பின் மச்சான்,

சுகம்தானே? தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. மாஸ்டர் பழைய மாஸ்டர்தான், திருந்தவில்லை.

மே மாதத்துக்குப் பிறகு உன்னோடு நான் வடிவாகக் கதைக்கவே இல்லை. காரணம் உனக்குத் தெரியும், இந்த ஐஸ் ஹொக்கிதான். புளோரிடாவுடன் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றுவிட்டு, ஏழாவதைச் சொந்த ஊரில் 6-1 என்று பறிகொடுத்தால் எந்த ரொறன்ரோ லீஃப்ஸ்காரனுக்கு வாய் எழும்பும்? அடுத்த மாதம் இறுதிச் சுற்றில் அதே புளோரிடாவிடம் உன் எட்மன்டன் ஒய்லர்ஸும் அடி வாங்கினார்கள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் போன கிழமை வந்த செய்திக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. புளோரிடாவின் தலைவர் பார்கோவுக்கு முழங்கால் போய்விட்டது! பயிற்சி முகாமின் முதல் நாளே விழுந்தார், அடுத்த நாள் சத்திரசிகிச்சை. ஏழு முதல் ஒன்பது மாதங்கள் என்கிறார்கள். ஒருவருடைய காயத்தில் சந்தோஷப்படக் கூடாது, நானும் படவில்லை. தடுத்து விளையாடுவதில் சிறந்த முன்வரிசை வீரருக்கான செல்கி விருதை மூன்று தரம் வாங்கிய அருமையான மனிதர் அவர். ஆனாலும் கணக்கைப் பார். அவர்களுடைய இன்னொரு நட்சத்திரம் கச்சக்கும் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில். மூன்று வருடங்கள் தொடர்ந்து இறுதிச் சுற்றுவரை ஓடிய கால்கள் மற்றவர்களுக்கு. பெப்ரவரியில் மிலானோ ஒலிம்பிக்குக்கும் பாதி அணி போகும். 1983இல் நியூயோர்க் ஐலண்டர்ஸ் தொடர்ந்து நாலாவது ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கிய பிறகு, தொடர்ந்து மூன்று கிண்ணம் வென்றவர்கள் யாருமே இல்லை. இந்த வருடம் கதவு திறந்து கிடக்கிறது மச்சான்.

அதற்காகப் புளோரிடாவைத் தள்ளி வைக்காதே. அவர்கள் வென்றது பெரிய பெயர்களால் மட்டும் இல்லை. லுண்டல், லூஸ்டரைனன், மார்ஷாண்ட் என்ற அந்த மூன்றாவது வரிசைதான் எங்களையும் உங்களையும் அரைத்தது. மார்ஷாண்ட் பொஸ்டனில் இருந்த காலத்தில் எங்களை நாலு தரம் வெளியேற்றியது போதாதென்று, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஐந்தாவது தரமும் அனுப்பி வைத்தார். உங்களுக்கு இறுதிச் சுற்றில் மட்டும் ஆறு கோல். 37 வயது! பென்னெட், எக்பிளாட், அவர் என்று மூவரையுமே புளோரிடா கோடையில் கைவிடாமல் வைத்துக்கொண்டது. பார்கோவ் வசந்தத்தில் திரும்பி வந்தால் நான் எழுதியதெல்லாம் தண்ணீரில் போகும்.

சரி, உன் ஒய்லர்ஸுக்கு வருகிறேன். கோபிக்காமல் வாசி. மக்டேவிட்டும் ட்ரைசைட்டிலும் ஒரே அணியில் இருக்கும்போது கிண்ணத்துக்கு முதல் உரிமை உங்களுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வலைக்கு முன்னால் யார் நிற்பது? இறுதிச் சுற்றில் மூன்றாவது ஆட்டத்தில் கோலி (வலைகாப்பவர்) ஸ்கின்னரை இடையில் வெளியே எடுத்தார்கள், நாலாவதிலும் எடுத்தார்கள், ஐந்தாவதை மற்றக் கோலி பிக்கர்டிடம் கொடுத்தார்கள், ஆறாவதற்குத் திரும்பவும் ஸ்கின்னர். அந்த நாலாவது ஆட்டத்தில் 0-3 என்று பின்னால் நின்று 5-4 என்று மேலதிக நேரத்தில் வென்றார்களே, அப்படிப்பட்ட முன்வரிசை வைத்திருப்பவர்கள் கோடை முழுக்கப் புதிய கோலி ஒருவரைத் தேடாமல் இருந்ததை என்னால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. முன்வரிசையில் கோறி பெரியை விட்டார்கள், கேனை விட்டார்கள், பிரவுணை விட்டார்கள். கோலியை மட்டும் மாற்றவில்லை!

குட்டியண்ணையின் அந்த அறை ஞாபகம் இருக்கிறதா? மொன்றியல் கோட்-டி-நேஜில் எத்தனை பேர் படுத்திருந்தோம், ஒரே ஒரு டிவி. 1993இல் எங்களுக்கு ஓஃப்சைட் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் பட்ரிக் றுவா வலையில் நின்றால் மொன்றியல் தோற்காது என்பது மட்டும் தெரியும். மேலதிக நேரத்தில் தொடர்ந்து பத்து வெற்றிகள்! அதற்குப் பிறகு இந்த நாட்டுக்குக் கிண்ணம் வரவில்லை. நல்ல கோலி இல்லாமல் வரவும் வராது. வின்னிபெக்கில் கோலி ஹெலபக் இருக்கிறாரே என்பாய். போன பருவத்தின் மிகப் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருதும் சிறந்த கோலிக்கான வெசினா விருதும் அவருக்குத்தான், வழக்கமான பருவத்தில் முதலிடம் பிடித்த அணிக்கான ஜனாதிபதிக் கிண்ணமும் வந்தது. ஆனால் பிளேஓஃப் என்ற கிண்ணத்துக்கான சுற்றுகளில் அந்த மனிதர் வேறு மனிதர்.

லீக்கின் மேற்குப் பிரிவில் நான் பயப்படுவது கொலராடோவுக்கு. மக்கினன், மகார், அதோடு மூன்று வருடம் போல விளையாடாமல் இருந்து ஏப்ரலில் திரும்பிய லாண்டெஸ்கொக். தாங்களே விற்றுவிட்ட ரன்டனன் டல்லாஸுக்காக ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மூன்று கோல் போட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டல்லாஸ் மேற்கு இறுதியில் உங்களிடம் இரண்டு வருடமும் தோற்றது, இப்போது பயிற்சியாளரும் புதியவர். அவர்களை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். வேகாஸில் இப்போது எங்களிடம் இருந்து போன மார்னர். ஐக்கலும் அவரும் சேர்ந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பின்வரிசையில் பியற்றாஞ்சலோ இல்லாமல் ஜூன் மாதம் வரை போவது கஷ்டம். கிழக்கில் கரோலினா, ஏலர்ஸ் வந்த பிறகு போன வருடத்தைவிடப் பலம்.

எங்களைப் பற்றிக் கேட்பாய். மார்னர் போனதில் மனம் வலிக்கிறது, ஆனால் நாலு நட்சத்திரத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு மூன்றாவது வரிசையை வெறுமையாக விட்டதன் பலனை ஒவ்வொரு மேயிலும் பார்த்துவிட்டோம். நிக்கலஸ் றுவா, ஜோஷ்வா என்று உடம்பைப் போட்டு விளையாடுகிறவர்கள் வந்திருக்கிறார்கள். இரண்டாவது சுற்றைத் தாண்டினாலே எனக்குப் போதும்.

இப்போது உண்மையான கவலைக்கு வருகிறேன். மக்டேவிட் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இங்கே பெடியன்கள் எல்லோரும் அவர் ரிச்மண்ட் ஹில்லில் பிறந்தவர், நியூமார்க்கெட்டில் வளர்ந்தவர், ஊருக்குத் திரும்புவார் என்று கனவு காண்கிறார்கள். என் மகனும்தான். எனக்கு அந்த ஆசை இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். 2024 பிளேஓஃபில் 42 புள்ளிகள் எடுத்து, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று தோற்று, பிளேஓஃபின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருதை வாங்க மைதானத்துக்கே வராத மனிதர் அவர். அந்த வலிக்கு மருந்து எட்மன்டனில்தான் இருக்கிறது. அவர் அங்கே வென்றால்தான் அது கணக்கில் சேரும். ஆனால் இந்த ஜூனிலும் கிடைக்காவிட்டால் ஏன் நிற்க வேண்டும் என்று அவர் யோசித்தால், யார் குறை சொல்ல முடியும்?

மார்ச் மாதத்துக்கு முன் உங்கள் ஆட்கள் ஒரு கோலியைக் கொண்டுவர வேண்டும். புதிய வீரர்களை எடுக்கும் முதல் சுற்றுத் தேர்வு உரிமை, இளம் பெடியன் ஒருவன், எதைக் கேட்டாலும் கொடுக்கட்டும். அதைச் செய்தால் கொலராடோவைத் தாண்டி நீங்கள்தான் என்று நான் எழுதித் தருகிறேன்.

மக்டேவிட் கையெழுத்து வைத்த செய்தி வந்தால் நேரம் பார்க்காமல் அழைப்பு எடு. இரண்டு மணி வித்தியாசம், நான் முழித்திருப்பேன். இறுதிச் சுற்றுக்கு ஒய்லர்ஸ் வந்தால் நானும் குட்டியண்ணையும் எட்மன்டனுக்கு வருகிறோம், கீழ் அறையை ஒழுங்குபடுத்தி வை. மாஸ்டருக்குச் சொல்லாதே.

அன்புடன்,
உன் கூட்டாளி