அந்த ஸ்கேனரைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் எழுந்து நடக்கிறான் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்களும் நலம்.

அப்பாவின் டைரிகளை ஸ்கேன் செய்ய நினைக்கிறாய். ஆனால் உன் கணினியில் இருக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில் ஸ்கேனர் ஓடாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால் அதைப் பழைய சாமான்காரருக்குப் போடப் போகிறேன் என்கிறாய். தயவுசெய்து போடாதே. உன்னிடம் இருப்பது கேனான் லைடு 110 (LiDE 110). லினக்ஸில் நன்றாக ஓடுகிற ஸ்கேனர் அது.

ஸ்கேனர்களுக்காகவே 'ஸேன்' என்ற கட்டற்ற மென்பொருள் 1996 முதல் இருக்கிறது. உன் மாடலுக்கான டிரைவர், அதாவது ஸ்கேனரை இயக்கும் நிரல், அதிலேயே உண்டு, 'ஜெனசிஸ்' என்று பெயர். சிடி எதுவும் தேட வேண்டாம். அந்த ஸ்கேனருக்குத் தனி மின்சார வயர் கிடையாது, யூஎஸ்பி வழியாக வருகிற மின்சாரத்தில்தான் ஓடும். அதனால் ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியின் பின்பக்கம் செருகு. பிறகு மின்ட் மெனுவில் 'டாக்குமென்ட் ஸ்கேனர்' என்பதைத் திற. பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை.

ஸ்கேனர் இல்லை என்று சொன்னால், கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, ஆங்கிலத்தில் ஸ்கேன்இமேஜ் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, கழித்தல் குறியும் பெரிய எல் எழுத்தும் போட்டுப் பார் (scanimage -L). அதிலும் வரவில்லையென்றால், நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவதற்கு முன்னால் சூடோ (sudo) சேர்த்து அடி. சூடோவோடு வந்து, இல்லாமல் வராவிட்டால் அனுமதிதான் பிரச்சினை. உன் பயனர் பெயரை 'ஸ்கேனர்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வா. இரண்டிலும் வராவிட்டால் முதலில் கேபிளை மாற்று.

டைரிக்கு வருகிறேன். இந்த வகை மெல்லிய ஸ்கேனரில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப் படிய வேண்டும். கொஞ்சம் தூக்கிக்கொண்டாலும் எழுத்து மங்கிவிடும். தையல் ஓரத்தில் இருக்கும் சொற்கள்தான் முதலில் போகும். அதற்காகத் தையலைப் பிரிக்காதே! டைரியை விளிம்புவரை தள்ளி வைத்து, ஒவ்வொரு பக்கமாக உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பிடி. கறுப்பு வெள்ளையில் எடுக்காதே. மங்கிய நீல மை கலரில்தான் தெளிவாக விழும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும்; இடையில் ஒட்டியிருக்கும் போட்டோக்களை மட்டும் 600இல் எடு.

படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கும் டெஸராக்ட் என்ற மென்பொருள் அச்சுத் தமிழைப் படிக்கும், கையெழுத்துக்கு அதை நம்ப முடியாது. ஆகவே கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் போட்டுவிடு. தேடும்போது அதுதான் கைகொடுக்கும். இன்னொரு பிரதியை வேறொரு டிஸ்க்கில் வைத்துத் தம்பியிடம் கொடு.

எங்கேயாவது தடைப்பட்டால் டெர்மினலில் வருகிற வரியை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு