அந்த நட்சத்திரம் இன்னும் வெடிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் ஈட்டா கரினே நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள நெபுலாவின் (வாயுவும் தூசியும் சேர்ந்த முகிலின்) படம் கலரில் வந்திருந்தது. உடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் ஊதி, நடுவில் ஒடுங்கி, அவ்வளவு வடிவு. என் பேத்தி அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவிட்டாள். கீழே நீங்கள் போட்ட வரிகளையும் சேர்த்துத்தான் ஒட்டினாள், பிரச்சினையே அதுதான். வெடித்துச் சிதறி இறந்துபோன நட்சத்திரம் இது, நமது சூரியனும் ஒருநாள் இப்படித்தான் வெடிக்கும் என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு வசனம், இரண்டும் பிழை. "அம்மப்பா, இது செத்துப்போச்சோ?" என்று அவள் கேட்டதால்தான் இந்தக் கடிதம்.

சாகவில்லை. படத்தின் நடுவில், அந்தத் தூசிக்குள்ளே அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சரியாகச் சொன்னால் அங்கே இருப்பது இரண்டு நட்சத்திரங்கள், ஐந்தரை வருடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன, பெரியது ஏறத்தாழ 100 சூரியன்களின் நிறை கொண்டது. இவ்வளவு நிறை இருந்தால் தன்னைத் தானே கட்டிவைத்திருப்பதே பெரும்பாடு. ஈர்ப்பு உள்ளே இழுக்க, உள்ளேயிருந்து வருகிற ஒளியே மேற்படைகளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அந்த இழுபறியில் வாயு கழன்று போய்க்கொண்டே இருக்கும், சில வேளை ஒரேயடியாகப் பெருந்தொகையாகவும் போகும். தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பானை வைத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பால் பொங்கி வழிவது வேறு, பானை வெடிப்பது வேறு.

இந்தப் பானை பொங்கியது எப்போது என்பதற்கும் பதிவு இருக்கிறது. 1837 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்த வானியலாளர் ஜோன் ஹேர்ஷல், அது திடீரென்று பிரகாசமாகியிருப்பதைக் கண்டார். 1843இல் இரவு வானத்து நட்சத்திரங்களில் எல்லாவற்றிலும் பிரகாசமான சிரியசுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பிறகு மங்கி மங்கி வெறுங்கண்ணுக்கே தெரியாமல் போய், இப்போது திரும்பவும் தெரிகிற அளவுக்கு வந்திருக்கிறது. அன்று வழிந்ததுதான் அந்த உடுக்கு: குறைந்தது 10 சூரியன்கள் அளவு வாயுவும் தூசியும், செக்கனுக்கு ஏறத்தாழ 650 கிலோமீற்றர் வேகத்தில் வெளியே போகிறது. அந்த வேகத்தில் போனால் ஒரு செக்கனுக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு. (எங்கள் இரவு பஸ்ஸைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை.)

வெடிப்பு இனித்தான். 7,500 ஒளியாண்டு, அதாவது ஒளியே இங்கே வந்துசேர 7,500 வருடம் எடுக்கும் தூரம் என்றால் இப்போது அங்கே வெடித்து முடிந்திருக்கலாம்தானே என்று சில கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், இங்கே வந்து சேர்ந்த ஒளியை வைத்துத்தான் கணக்கு. வெடிக்க முன்னரே இப்படிக் கழற்றி விடுவது பெரிய நட்சத்திரங்களின் வழக்கம். 1987 பெப்ரவரியில் எங்கள் பால்வீதிக்குப் பக்கத்துச் சிறு நட்சத்திரத் திரளான பெரிய மகெலன் முகிலில் ஒன்று வெடித்தபோது அதைச் சுற்றி வளையங்கள் இருந்தன, அவை ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன்னரே அது விட்டுவிட்ட வாயு. அந்தப் போர்க்கால மாதங்களில் நாங்கள் அண்ணாந்து பார்த்தது ஹெலி வருகிறதா என்றுதான், அது வேறு கதை.

சூரியன் வெடிக்காது. வெடிக்க வேண்டுமென்றால் சூரியனைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு நிறை வேண்டும். இன்னும் 500 கோடி வருடம் போல போக எங்கள் சூரியன் ஊதி, மேற்போர்வையைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, வெண்குறளி என்கிற சின்ன, அடர்ந்த நட்சத்திரமாக ஒடுங்கும். அதுவும் ஒரு நெபுலாதான், ஆனால் உங்கள் படத்தில் உள்ள சாதி இல்லை.

அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. இந்த நட்சத்திரத்தை எங்கள் ஊரில் இருந்தே பார்க்கலாம்! லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கள் சனத்துக்கு அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, நிலவில்லாத இரவில், ஒன்பது மணி போல தெற்கே திறந்த ஒரு கரையில் நில்லுங்கள், எனக்கு அரியாலைக் கரை வாய்ப்பு, பண்ணைக் கடற்கரையில் லைட் கூடிப்போச்சு. இடது பக்கம் தென்சிலுவை நிற்கும், வலது பக்கம் தென்மேற்கில் அகத்தியர் நட்சத்திரம் இறங்கிக்கொண்டிருக்கும். அகத்தியரும் இதே கரினா உடுத்தொகுதிதான். இரண்டுக்கும் நடுவில், நீட்டிய கையில் முட்டிக்கு மேல் முட்டி வைத்தால் இரண்டு முட்டி உயரத்தில், புகை படிந்த மாதிரி ஒரு திட்டுத் தெரியும். அது கரினா பெருநெபுலா, அதற்குள்ளேதான் நம்முடைய ஆள் இருக்கிறார். உடுக்கு தெரியாது, அதற்குத் தொலைநோக்கி வேண்டும், ஆனால் ஒரு சாதாரண பைனாகுலரிலேயே அந்தத் திட்டு விரியும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் கட் வந்த நாள்களில் எங்கள் ஒழுங்கையில் இருந்தே நான் அதைப் பார்த்தேன். அந்தக் கரண்ட் கட்டால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை.

1843இல் இங்கே யாழ்ப்பாணத்தில் மிஷன் கல்லூரியான வட்டுக்கோட்டை செமினரி நடந்துகொண்டிருந்த காலம், அங்கே வானியல் ஒரு பாடம். சிரியசுக்குப் போட்டியாகத் தெற்கே ஒன்று எரிந்ததை யாழ்ப்பாணத்தில் ஒருவருமே கவனிக்கவில்லை என்றால் என்னால் நம்ப முடியாது. பழைய ஓலை, நாட்குறிப்பு, பஞ்சாங்கக் கட்டு வைத்திருக்கிற வாசகர்கள் அந்த வருடத்தை ஒருக்கால் தட்டிப் பார்க்க வேண்டும், ஏதும் அகப்பட்டால் உங்களுக்கு எழுதட்டும், நீங்கள் போடுங்கள்.

இந்தக் கடிதம் நீளம் என்றால் வெட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அதே படத்தை அதே அளவில் சரியான வரிகளோடு திரும்பப் போட்டுவிடுங்கள். பேத்தி பழையதைக் கிழிக்காமல் மேலே ஒட்டுவதற்குப் பசையோடு காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
அரியாலை, யாழ்ப்பாணம்.