சூரிச்சிலிருந்து ஒரு ஹொக்கிக் கடிதம்

சூரிச்

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மூத்தவளுக்கு வேலை நிரந்தரமானது பெரிய ஆறுதல். உன் முழங்காலைப் பற்றி மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஊசி போட்டார்களா, ஸ்கான் எடுத்தார்களா என்று அடுத்த தடவை வடிவாக எழுது. இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு இந்த மாதம் இரவு வேலை. பகலில் வீட்டில் கரண்டி விழுந்தாலும் குற்றம்.

நீயும் சின்னவளும் உங்கள் ரொறன்ரோப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணி செப்ற்றர்ஸின் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை இவருக்கும் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து மைதானத்துப் பக்கமே வராத நீ, இப்போது ஓஃப்சைட் சரியா பிழையா என்று எனக்கு அரைப் பக்கம் எழுதுகிறாய்! ரொறன்ரோ உன்னை நல்லாகத்தான் மாற்றியிருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில், "உங்கள் ஐரோப்பாவில் பெண்களுக்கு இப்படி ஒன்றும் இல்லைத்தானே" என்று கேட்டிருந்தாய் பார், அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. கடிதம் நீளும். தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு வந்து இரு.

இருந்தது சாந்தி. செப்ற்றர்ஸ் ஆடுகிற உங்கள் வட அமெரிக்கப் பெண்கள் லீக் 2024 ஜனவரி முதலாம் திகதிதான் முதல் ஆட்டத்தை ஆடியது. ஐரோப்பாவில் பெண்கள் கழகங்களுக்கென்று ஒரு சாம்பியன்ஸ் கிண்ணம் 2004-05 பருவத்திலேயே தொடங்கிவிட்டது. உலக ஐஸ் ஹொக்கிச் சம்மேளனமே நடத்தியது. ஒவ்வொரு நாட்டிலும் எந்தக் கழகம் சாம்பியனோ அது வரும். பதினொரு பருவம் ஓடி 2015இல் நின்றுபோனது.

நான் இங்கே ஐஸ் ரிங்க் கன்ரீனில் வேலை செய்தது உனக்குத் தெரியும். கோப்பியும் சொசேஜும் விற்ற எனக்கு ஹொக்கி எப்படித் தெரியும் என்று நீ சிரிப்பாய். ஆனால் பெண்கள் அணிகள் இந்த ஊர்களில் எப்படி வாழ்ந்தன என்பது கன்ரீன் யன்னலால் பார்த்த ஆக்களுக்குத்தான் விளங்கும். நல்ல நேரமெல்லாம் ஆண்கள் அணிக்கு. அதற்குப் பிறகு சின்னப் பெடியன்கள். பெண்களுக்கு ஐஸ் கிடைக்கிறபோது நான் கடையைப் பூட்டுகிற நேரமாகிவிடும். அவர்கள் தோளில் பெரிய பையோடு வருவார்கள். ஒருத்தி வங்கியில் வேலை, ஒருத்தி தாதி, இரண்டு மூன்று பேர் இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். பயிற்சி முடிய, தலைமயிர் காயமுதலே கடைசி ட்ராமைப் பிடிக்க ஓடுவார்கள். இப்படியான பெண்கள்தான் ஐரோப்பாக் கிண்ணத்துக்கும் ஆடினார்கள்.

அந்தக் கிண்ணத்தின் ஏற்பாடே அதற்கேற்ற மாதிரித்தான் இருந்தது. ஆண்களுக்குப் போல இங்கே ஒரு ஆட்டம், அங்கே ஒரு ஆட்டம் என்று மாதக்கணக்கில் பறந்து திரிய முடியாது. அதற்குக் காசும் இல்லை, லீவும் இல்லை. அதனால் நாலு அணிகளை ஒரு ஊருக்குக் கூப்பிடுவார்கள். அதில் ஒரு கழகம் வீட்டுக்காரர். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆளுக்கு ஆள் ஒரு ஆட்டம். புள்ளியில் முன்னுக்கு நிற்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். கடைசியில் மிஞ்சுகிற நாலு அணிகளும் இன்னொரு வார இறுதியில் கூடும். அங்கேயும் அதே கதை. அரையிறுதி, இறுதியாட்டம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மூன்று ஆட்டமும் முடிய அட்டவணையில் முதலாவதாக நிற்பவர்தான் ஐரோப்பாவின் சாம்பியன்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கிண்ணம் சில வேளை சனிக்கிழமையே முடிவாகிவிடலாம். அல்லது ஞாயிறு கடைசி ஆட்டம் தொடங்குமுன்னரே ஒரு அணி பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நேரத்துக்குள் வென்றால் மூன்று புள்ளி, மேலதிக நேரத்தில் வென்றால் இரண்டு, அப்படித் தோற்றவருக்கும் ஒன்று. விறுவிறுப்பு என்று பார்த்தால், தோற்றவரை வெளியே அனுப்புகிற உங்கள் பிளே-ஓஃப் சுற்றுக்குக் கிட்ட இது நிற்காது. ஆனால் மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடுவது லேசுப்பட்ட காரியமா? இருபது நிமிடப் பாகம் மூன்று, ஒவ்வொருத்தியும் முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு பெஞ்சுக்கு வருவாள், மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பப் போவாள். ஞாயிறு பின்னேரம் கால் கல்லாகிவிடும். திங்கள் காலை வேலை. அந்த வார இறுதியில் ஜெயிப்பது மாறி மாறி ஐஸில் இறங்குகிற வரிசைகளில் யாரிடம் மூன்றாவதும் நாலாவதும் கூட நல்லாக இருக்கிறது என்பதில்தான் இருந்தது. ஒரு நட்சத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது.

முதல் நாலு வருடமும் ஒரே கழகம். ஸ்டொக்ஹோம் பக்கத்து சோல்னாவிலிருக்கிற ஏஐகே. 2005, 2006, 2007, 2008 என்று வரிசையாக எடுத்தார்கள். அவர்களுடைய கோல் காப்பாளர் கிம் மார்ட்டினை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். 2006 ரூறின் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவைத் தடுத்து நிறுத்தியவள் அவள்தான். அப்போது வயது 19. அதுவரைக்கும் கனடாவைத் தவிர வேறு எந்த நாட்டிடமும் தோற்காத அமெரிக்கா, சுவீடனிடம் பெனல்ரி அடிகளில் 3-2 என்று தோற்றது. ஐரோப்பிய நாடு ஒன்று முதல் தடவையாக ஒலிம்பிக் இறுதிக்குப் போனது. இது எங்கேயோ ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. அந்தப் பெண்கள் தங்கள் கழகங்களுக்காக ஏற்கனவே கடினமான ஆட்டங்களை ஆடிப் பழகியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ரஷ்யர்கள் வந்தார்கள். 2009இல் நிஸ்னி நோவ்கொரோட் நகரத்து ஸ்கிஃப். அடுத்தது மொஸ்கோவுக்கு வடக்கே டிமிட்ரோவிலிருந்து வந்த ரொர்னாடோ: 2010, 2012, 2013, 2014. கடைசிக் கிண்ணம் 2015இல் திரும்பவும் ஸ்கிஃபுக்கு. நாலு சுவீடன், ஆறு ரஷ்யா என்றால் பத்து. பதினொன்றில் ஒன்று மிஞ்சுகிறது, இல்லையா?

அந்த ஒன்று எங்கள் ஊர். 2011. சூரிச்சின் இஸட்எஸ்சி லயன்ஸ் பெண்கள் அணி.

இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று கை துடித்தது. இங்கே ட்ராமில் யாரையாவது நிறுத்தி லயன்ஸ் ஐரோப்பாவை எப்போது வென்றது என்று கேட்டுப் பார். 2009 என்பார்கள். அந்த வருடம் ஆண்கள் அணி ரஷ்யாவின் மக்னிற்றோகோர்ஸ்கை வென்று சாம்பியன்ஸ் லீக்கை எடுத்தது. அதே வருடம் செப்ரெம்பர் முடிவில் அமெரிக்காவின் சிக்காகோ பிளாக்ஹோக்ஸையே இங்கே ஹலன்ஸ்ராடியோன் அரங்கில் 2-1 என்று விழுத்தினார்கள். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மகிழும். அப்புறம் 2025 என்பார்கள்: பெப்ரவரியில் சுவீடனின் ஃபார்யெஸ்ராட்டை 2-1 என்று வென்று திரும்பவும் கிண்ணம், அதுவும் அல்ற்ஸ்ரெற்றன் புது அரங்கில், சொந்தச் சனத்தின் முன்னால். இரண்டும் பெரிய வெற்றிதான், நானும் கை தட்டினேன். ஆனால் நடுவில் 2011இல் அதே சிங்கத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு பெண்கள் ரஷ்யர்களையும் நோர்டிக்காரரையும் தாண்டி வந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். சுவீடனையும் ரஷ்யாவையும் எங்களையும் தவிர வேறு எந்த நாடும் அந்தக் கிண்ணத்தைத் தொட்டதேயில்லை. எனக்குக் கோபம் என்று சொல்ல மாட்டேன். எரிச்சல் என்று வைத்துக்கொள்.

மூன்று வருடம் கழித்து சோச்சி ஒலிம்பிக்கில் சுவிஸ் பெண்கள் வெண்கலம் எடுத்தபோது மட்டும் எல்லோரும் விழித்தார்கள். அந்த ஆட்டத்தை நான் கன்ரீன் ரீவியில் பார்த்தேன். சுவீடன் 2-0 முன்னுக்கு. கடைசிப் பாகத்தில் சுவிஸ் நாலு கோல் போட்டு 4-3 என்று முடித்தது. அதில் ஒரு கோல் 15 வயது அலீனா முல்லருடையது. வின்ரர்தூர்ப் பிள்ளை. கோல் காப்பாளர் ஃப்ளோரன்ஸ் ஷெல்லிங் போட்டியின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவானாள். பிறகு 2020இல் பேர்ன் கழகத்தின் ஆண்கள் அணிக்கே முகாமையாளராக வந்தாள். அலீனா பெரியவளாகி இதே லயன்ஸுக்கும் ஆடி, பொஸ்ரனில் படித்து, 2023இல் உங்கள் லீக்கின் அணிகள் முறை வைத்து ஆட்டக்காரிகளை எடுத்த முதல் தெரிவில் மூன்றாவது ஆளாகப் பொஸ்ரன் அணிக்கே போனாள். நீ உங்கள் கொலிசியம் அரங்கில் அவளுக்கு எதிராகக் கத்தியிருப்பாய். இனிமேல் கொஞ்சம் மெதுவாகக் கத்து.

நான் இந்தக் கிண்ணத்தைப் புகழ்ந்துகொண்டே போகவும் மாட்டேன். முதல் சுற்றுகளில் சில ஆட்டங்கள் பார்க்கவே பாவமாக இருக்கும். இரட்டை இலக்கத்தில் கோல் வாங்குகிற அணிகள் இருந்தன. ஒரு நாட்டில் சில நூறு பெண்கள் விளையாடுவார்கள், இன்னொரு நாட்டில் அரசாங்கமே சம்பளம் கொடுத்து அணி வைத்திருக்கும். இரண்டும் ஒரே ஐஸில் நின்றால் என்ன நடக்கும்? அல்மாட்டியிலிருந்து ஐசுலு அணி கூட வந்து ஆடியது. கஸகஸ்தானிலிருந்து ஐரோப்பாக் கிண்ணத்துக்கு வருவதென்றால் பயணமே ஒரு பருவம். ஆனாலும் வந்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. பத்துக் கோல் வாங்கிய பிள்ளைகள் மற்ற அணி பக் என்கிற அந்தக் கறுப்புத் தட்டை எப்படித் தள்ளுகிறது, பெஞ்சில் எப்படி ஆள் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சொந்த லீக்கில் ஒவ்வொரு கிழமையும் ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்றுகொண்டிருந்தால் அது ஒருநாளும் பிடிபடாது. சமமில்லாத போட்டி என்பதற்காக ஒரு போட்டியை மூடக் கூடாது என்பது என் கட்சி. இவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "20-0 பார்க்க யார் ரிக்கெற் வாங்குவான்" என்பார். அவருக்குக் கால்பந்துதான் உலகம், விடு.

எஸ்போ புளூஸ் என்று பின்லாந்தில் ஒரு கழகம் இந்தக் கிண்ணத்துக்கு அடிக்கடி வரும். 2016இல் அங்கே ஆண்கள் கம்பனி வங்குரோத்தானது. பெண்கள் பெயரை மாற்றிப் பெயரை மாற்றி இன்றைக்கும் ஆடுகிறார்கள். 2019 உலகக் கிண்ணமும் அதே எஸ்போவில்தான். பின்லாந்து கனடாவை 4-2 என்று வெளியே அனுப்பிவிட்டு அமெரிக்காவோடு இறுதியில் நின்றது. மேலதிக நேரத்தில் பெற்ரா நியமினன் கோல் போட, கையுறைகளை எல்லாம் ஆகாயத்தில் எறிந்துவிட்டுக் கட்டிப்பிடித்தார்கள். பிறகு நடுவர்கள் வீடியோவைப் பார்த்து, கோல் காப்பாளரை இடித்தது என்று அந்தக் கோலையே எடுத்துவிட்டார்கள். பெனல்ரியில் அமெரிக்கா வென்றது. இன்றைக்கும் பின்லாந்துக்காரர் ஒருவரிடம் அதைப் பற்றிக் கதை எடுத்தால் கோப்பி ஆறிவிடும்.

கிண்ணம் நின்ற பிறகு என்ன நடந்தது என்றால், காசும் ஆட்களும் சுவீடன் பக்கம் சாய்ந்தன. வடக்குக் கோடியில், கடலே உறைந்து அதன்மேல் ஆக்கள் நடக்கிற லூலியோ என்ற ஊர். அந்தக் கழகம் 2016, 2018, 2019, பிறகு 2021இலிருந்து 2024 வரைக்கும் சுவீடன் சாம்பியன். அணியின் முதுகெலும்பு பின்லாந்துக்காரர்: தலைவி யென்னி ஹிரிகோஸ்கி, மிஷேல் கார்வினன், ரோன்யா சவொலைனன். ரோன்யா 2024இல் உங்கள் லீக்கின் ஒட்டாவா அணிக்குப் போய்விட்டாள். உடம்பால் மோதி ஆடுவதை இந்தக் காலத்துப் பெண்களுக்கு முதலில் திறந்துவிட்டதும் சுவீடன் லீக்தான், 2022-23இல். உங்கள் ஆட்டத்தில் அந்த மோதலைப் பார்த்துத்தான் நீ பயந்தேன் என்று எழுதியிருந்தாய்.

நடு ஐரோப்பாவில் வியன்னா சேபர்ஸ், புடாபெஸ்ற் கேஎம்எச் மாதிரி அணிகள் நாட்டு எல்லையைத் தாண்டி ஒரு லீக்காகவே ஆடுகிறார்கள், அதுவும் 2004இலிருந்து. ஹங்கேரி 2019இல் உலகக் கிண்ண மேல் பிரிவுக்கு ஏறியதற்கு இது உதவியது என்று நான் நினைக்கிறேன். இங்கே சுவிஸில் ஸுக் நகரத்துக் கழகம் 2023இல் புதுப் பெண்கள் அணி தொடங்கி, சுவீடனில் கொடி கட்டிப் பறந்த லாரா ஸ்ரால்டரைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாம் பிரிவில் ஆட வைத்தது. அடுத்த வருடமே மேலே ஏறிவிட்டார்கள். ஆக, பெரிய கழகங்களுக்கு இப்போது ஆர்வம் வந்திருக்கிறது. ஆனால் சூரிச் சாம்பியன் லூலியோ சாம்பியனோடு மோதுகிற அந்த வார இறுதி மட்டும் இல்லை. திரும்பத் தொடங்கினாலும் பழைய மாதிரி இராது. ரஷ்ய அணிகளுக்கு 2022இலிருந்து தடை, பதினொன்றில் ஆறு கிண்ணம் எடுத்தவர்களே வர முடியாது. நல்ல ஆட்டக்காரிகள் உங்கள் பக்கம் விமானம் ஏறுகிறார்கள். மொன்றியல் பெல் சென்ரரில் 21,105 பேருக்கு முன்னால் ஆடக் கிடைக்கிறபோது, பாதி காலியான ரிங்கில் ஞாயிறு பின்னேரம் ஆட யார் நிற்பார்கள்? நானென்றாலும் போவேன்.

எண்டாலும் அடுத்த தடவை உன் பக்கத்து இருக்கைக்காரர் யாராவது பெண்கள் ஹொக்கியே கனடாவில்தான் பிறந்தது என்று தொடங்கினால், 2011 என்று ஒரு சொல்லு சொல்லிவிடு. மிச்சம் அவர்களே தேடிப் பார்க்கட்டும்.

சரி, மற்ற விசயங்கள். அண்ணியின் மகனின் கலியாணம் ஆவணியில் என்று முடிவாகிவிட்டது, மண்டபத்துக்குத்தான் அலைகிறார்கள். நீ கேட்ட கறித்தூள் கணக்கைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மிளகாய் மட்டும் உன் கைப்பக்குவத்துக்குக் குறைத்துக்கொள். சின்னவளிடம் சொல்லி பொஸ்ரன் ஆட்டம் ஒன்றின் ரிக்கெற் துண்டு எடுத்து வைக்கச் சொல்லு. கன்ரீனில் என்னோடு வேலை செய்த பெண்ணின் மகள் அலீனா பைத்தியம். அவளுக்கு அனுப்ப வேண்டும். முழங்கால் விவரம் மறக்காதே.

அன்புடன்,
ராணி