இடது கதவுக்கு இடது கண்ணாடி: பழைய கார் உதிரிபாகம் செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் 'ஜோடி' என்று பெட்டியில் போட்டு நீங்கள் விற்கும் சைடு மிரர் பற்றியது இந்த மடல். சென்ற மாதம் ஒரு பத்மினிக்காக வாங்கிய பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டுமே வலது. கேட்டதற்குக் கடையில் கிடைத்த பதிலை நீங்களும் பலமுறை சொல்லியிருப்பீர்கள்: "இடது பக்கம் தலைகீழா மாட்டிக்குங்க சார், எல்லாரும் அப்படித்தான் மாட்டுறாங்க."

இந்தக் கார்களில் பல, இடது கண்ணாடி இல்லாமலே கம்பெனியை விட்டு வந்தவை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைய சாலைக்கு அது போதும். இன்று இடது பக்கம் கதவை உரசிக்கொண்டு பைக் போகிறது, ஆட்டோ நுழைகிறது. மழைநாளில் பின் கண்ணாடி மங்கிவிட்டால் உள்ளே இருக்கும் மிரரால் பயனில்லை. ஆகவே இடது கண்ணாடி வேண்டும் என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் வாதமில்லை. இடதுக்கு என்றே செய்த கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான்.

தலைகீழாக மாட்டினால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம். வலது கண்ணாடியின் தலை ஓட்டுநரைப் பார்த்து உட்பக்கம் சற்றே திரும்பியபடி வார்க்கப்பட்டது. அப்படியே எடுத்து இடது கதவில் வைத்தால் அது வெளியே, பக்கத்து வண்டிக்காரரைப் பார்க்கும். கவிழ்த்து மாட்டினால் திருப்பம் உட்பக்கம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் அடிப்பாகம்? கதவுத் தகட்டின் வளைவுக்குத் தக்கபடி சாய்வாக வெட்டிய அடிப்பாகம் கவிழ்ந்ததும் சாய்வு மாறிப்போகிறது. ஒரு ஓரம் தகட்டில் அழுந்த, எதிர் ஓரம் தூக்கி நிற்கிறது. அந்த இடைவெளியை மெக்கானிக் சைக்கிள் டியூபை வெட்டி அடைக்கிறார். இரண்டு மழைக்குள் டியூப் பிதுங்கி வெளியே வருகிறது.

அதைவிட மோசம், கண்ணாடியைத் தாங்கும் கூட்டின் அடியில் நீங்களே போட்டிருக்கும் நீர் வடியும் சிறு ஓட்டை. கவிழ்த்ததும் அது உச்சிக்குப் போய்விடுகிறது. மழைநீர் அதன் வழியே இறங்கிக் கூட்டுக்குள் தேங்குகிறது. கண்ணாடியின் பின்புற ரசப்பூச்சு கீழ் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்குகிறது, ஓரத்து பீடிங் ஊறிக் கழல்கிறது. கண்ணாடியைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே துருத்தண்ணீர் கலகலக்கிறது. குரோம் பளபளப்புக்கு விலை வாங்கும்போது இதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கவிழ்க்காமல், தலையைத் தண்டோடு இணைக்கும் பந்து மூட்டைத் திருப்பிச் சமாளிப்போரும் உண்டு. அதற்கும் கணக்கு இடம் கொடுக்காது. பத்மினியில் ஓட்டுநரின் கண்ணிலிருந்து வலது கண்ணாடி பக்கவாட்டில் அரை மீட்டர் அளவில் இருக்கிறது. இடது ஒரு மீட்டருக்கும் மேல். கதவில் பொருத்தினால் வலது கண்ணாடி ஏறத்தாழ 20 பாகை உள்ளே திரும்பினால் போதும், இடதுக்கு 30 பாகைக்கு மேல் வேண்டும். வெளியே பார்த்தபடி வார்த்த தலையை அவ்வளவு தூரம் இழுக்கும்போது பந்து மூட்டு பாதியிலேயே முட்டி நின்றுவிடும். பிறகு தண்டை வைஸில் பிடித்து வளைக்கப் பார்ப்பார்கள். வார்ப்பு வளையாது, படீரென்று உடையும். உடைந்ததற்கு மாற்று கேட்டால் ஜோடியாகத்தான் தருவோம் என்கிறீர்கள். அதிலும் இரண்டும் வலது!

ஆகவே மீண்டும் கேட்கிறோம்: இடது கண்ணாடியை இடதுக்கு என்றே வார்த்துத் தாருங்கள். தனியாகவும் விற்றுவிடுங்கள்.

கண்ணாடிச் சில்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வலதுக்குத் தட்டைக் கண்ணாடி சரி. ஓட்டுநருக்குத் தொலைவில் இருக்கும் இடதுக்கு மெல்லிய குவிவு வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக் கதவுக் கைப்பிடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஐ.நா.வின் 46ஆம் ஒழுங்குவிதி கார்களின் பக்கக் கண்ணாடிக்கு 1200 மி.மீ.க்குக் குறையாத வளைவு ஆரம் கேட்கிறது. ஆரம் குறையக் குறையக் குவிவு கூடும். சந்தையில் சிலவற்றின் குவிவு கரண்டியின் முதுகு போல இருக்கிறது. பின்னால் முட்ட வரும் பேருந்து அடுத்த தெருவில் நிற்பதாகத் தெரிகிறது. தட்டையா, குவிவா, எவ்வளவு ஆரம் என்று பெட்டியில் ஒரு வரி அச்சிட என்ன செலவாகிவிடும்?

பெட்டிக்குள் நீங்கள் வைக்காதவற்றுக்கும் நாங்கள்தான் கூலி கொடுக்கிறோம். இரண்டு தகரத் திருகாணியைப் போட்டு அனுப்புகிறீர்கள். ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் கதவுத் தகட்டில் அது எத்தனை நாள் பிடிக்கும்? அதிர்வில் ஓட்டை பெரிதாகி, கண்ணாடி தலையாட்டத் தொடங்கும். வேகம் அறுபதைத் தொட்டால் பின்னால் வருவது லாரியா காரா என்றே தெரியாது. ஓட்டை விளிம்பில் துரு பிடித்து, பெயிண்ட் கொப்பளித்து மேலெழும். தகட்டுக்கு மேல் பட்டி போட்ட கதவென்றால் திருகை இறுக்கும்போதே விரிசல் ஓடும்.

தேவையானவை அதிகமில்லை. 3 மி.மீ. ரப்பர் கேஸ்கெட் ஒன்று. கதவின் உட்புறம் வைக்க 2 மி.மீ. இரும்புத் தகடு ஒன்று. 5 மி.மீ. எவர்சில்வர் திருகும் நைலான் பூட்டு நட்டும் இரண்டிரண்டு. திருகின் முனை தகட்டுக்கு உள்ளே 12 மி.மீ.க்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் கதவின் ஜன்னல் கண்ணாடியை இறக்கும்போது கீறும், உடைக்கவும் செய்யும். கூடவே ஓட்டை இடம் குறித்த ஒரு காகித அச்சு.

அந்தக் காகிதத்தின் பின்புறம் நாலு வரி எழுதுங்கள், புண்ணியமாய்ப் போகும். ஓட்டுநர் வழக்கமான இருப்பில் உட்கார்ந்து பார்க்க, இன்னொருவர் கண்ணாடியைக் கதவில் பிடித்து இடம் குறிக்க வேண்டும். முன்னால் தள்ளி வைத்தால் கதவு ஜன்னலின் முன் மூலையில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியின் நிற்கும் சட்டம் பிம்பத்தை இரண்டாகப் பிளக்கும். முக்கோணக் கண்ணாடியைத் திறந்து, அது மிரரில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கதவின் உட்புறத்தை மூடும் டோர் பேடைக் கழற்றி, ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் ரன் சேனல் உள்ளே எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் டிரில்லைத் தொடக்கூடாது. ஜன்னல் கண்ணாடியை முழுக்க மேலேற்றிவிட்டுத்தான் துளைக்க வேண்டும். இறக்கி வைத்தால் அது தகட்டுக்கு நேர் பின்னால் நிற்கும். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 5.5. விளிம்பை அரத்தால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் காய்ந்த பிறகே திருகு.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருப்போர் பாடு தனி. முன் மட்காடுகளோடு பானெட் முழுவதும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் வண்டி அது. மட்காடில் மிரர் வைத்தால் பானெட்டோடு அதுவும் போகும், பக்கத்துக் கொக்கிகள் தளர்ந்திருந்தால் அதுவும் சேர்ந்து ஆடும். அதற்கும் கதவில் வைக்கும் இடது கண்ணாடிதான் வழி.

பழைய கார் கண்காட்சி நடுவர்களையும் இங்கே கும்பிட்டுக்கொள்கிறோம். கதவில் இரண்டு ஓட்டை கூடுதல் என்று மதிப்பெண் குறைக்கும் உங்கள் கூர்மை மெச்சத்தக்கது. அதே வண்டியின் டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் புளூடூத் பெட்டி மட்டும் எப்படியோ கண்ணில் படுவதில்லை. 2021இல் வந்த மத்திய அரசு விதி 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று தனியே பதிய வழி செய்தது. அது கேட்பது சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்பதைத்தான். இரண்டு திருகு எந்த பாடியை மாற்றிவிடப் போகிறது? ஓட்டை போட மனம் வராதவர்களுக்குக் கதவு ஓரத்தில் கவ்வும் கிளாம்ப் வகை உண்டு. கவ்வும் இடத்தில் ரப்பர் வைக்காவிட்டால் அதுவும் பெயிண்டை வெட்டித் துருவுக்கு வழி விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

கோபத்தில் வழி மாறிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: இடது கதவுக்கு இடது கண்ணாடி. புது அச்சு செய்யச் செலவு பிடிக்கும் என்பது புரிகிறது. முதலில் பத்மினி, அம்பாசடர் இரண்டுக்கும் மட்டும் செய்து பாருங்கள். விலை கூடுதல் என்றால் எவ்வளவு என்று தயவுசெய்து சொல்லுங்கள், கொடுக்கிறோம். கதவு வளைவின் அளவு வேண்டுமென்றால் அட்டையில் வெட்டித் தருகிறோம், கழற்றிய கதவையே கொண்டுவந்து தரவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அதுவரை, பெட்டியின் மேல் 'ஜோடி' என்பதை அடித்துவிட்டு 'வலது 2' என்றாவது எழுதி அனுப்ப வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழைய கார் ஓட்டுவோரும் பழுது பார்ப்போரும்