காலண்டர் அட்டையில் காவிரி

ஸ்ரீரங்கம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பேத்தி நடக்கிறாளாமே, படம் அனுப்பு.

"ரிட்டயராகி ரெண்டு வருஷம் ஆச்சு, காலையில எதுக்கு எழுந்திருக்கோம்னே தெரியலடா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கும் அப்படி இருந்தது. பேப்பரை வரி விளம்பரம்வரை படித்து, ரெண்டு காபி குடித்துவிட்டு நிமிர்ந்தால் மணி ஒன்பதுகூட ஆகியிருக்காது.

இப்போது வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் ஒரு தம்பிக்குப் பாடம் வாசிக்கிறேன். பி.ஏ. வரலாறு படிக்கிறான், பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெயிலில் கிடைக்காத புத்தகங்களை நான் வாசிக்க, அவன் போனில் பதிந்துகொள்வான். பரீட்சையும் எழுதிக் கொடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவனே அழைத்துப் போகும் ஆள், அவனைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டுமாம். அதனால் வாசிப்பதோடு சரி.

போன மாதம் சோழர் பாசனம் பாடம். "படத்தைப் பார்க்க" என்று வந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவன் பேசாமல் காத்திருந்தான். அந்த மௌனம் என்னை என்னவோ செய்தது. அன்று ராத்திரி பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஃபெவிகால் தடவி, சணலைக் காவிரியாக ஒட்டினேன். தலைக்காவிரியில் ஒரு முடிச்சு. மேட்டூருக்கு ஒரு புளியங்கொட்டை, கல்லணைக்கு இன்னொன்று. பவானிக்கும் அமராவதிக்கும் பூ கட்டுகிற நூல்.

மறுநாள் அவன் விரல் முடிச்சிலிருந்து மெதுவாக இறங்கியது. மேட்டூரில் நின்று, அணை கட்டி முடிந்த வருஷத்தை, "1934" என்றான். முக்கொம்பில் சணல் ரெண்டாகப் பிரிந்ததும் ஆள்காட்டி விரல் கொள்ளிடத்தில் போனது, நடுவிரல் காவிரியில் போனது. கல்லணைக்குக் கிட்டே ரெண்டும் நெருங்கி வந்தன.

"ஐயா, நடுவுல இந்த இடம்?"

"ஸ்ரீரங்கம். இப்ப நீ உக்காந்திருக்கியே, இதுதான்."

"தீவுன்னு படிச்சிருக்கேன். இவ்வளவு ஒடுக்கமா?" என்று அங்கேயே விரலை வைத்துக்கொண்டிருந்தான். அவன் போனபிறகு நானும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். 62 வருஷமாக இங்கேதான் இருக்கிறேன், என் ஊர் என் விரலுக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

தினமும் உற்சாகமாக எழுந்து உட்காருகிறேன் என்று நினைக்காதே. "இன்னிக்கு வேண்டாமே" என்று மனசு இழுக்கிற நாட்கள் உண்டு. அதற்காகவே நாலு மணிக்கு நாற்காலிகளைத் திண்ணையில் எடுத்துப் போட்டுவிடுவேன். போட்டபிறகு பின்வாங்க மனசு வராது.

உன் கொலஸ்ட்ரால் கணக்கைப் பார்த்ததும் ஹார்வர்டு ஆய்வு ஒன்று ஞாபகம் வந்தது. 1938இல் தொடங்கி, 724 பேரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். 50 வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் 80 வயதில் ஆரோக்கியமாக இருந்தார்களாம். அதைக் கணிக்கக் கொலஸ்ட்ரால் அளவைவிட உறவுதான் நல்ல அடையாளமாக இருந்ததாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, வேளை தவறாமல் போட்டுக்கொள். ஆனால் உன் அண்ணனோடு பேசி நாலு வருஷமாகிறது என்று நீதான் எழுதியிருக்கிறாய். நிலத்தகராறு நிலத்தோடு போகட்டும். இன்றைக்கே போன் போடுடா. எடுக்காவிட்டால் நாளைக்கும் போடு.

நேற்று உன்னைப் பற்றித் தம்பியிடம் சொன்னேன். "அவங்க ஊர் இதுல எங்க ஐயா?" என்றான். வெள்ளியங்கிரிப் பக்கமிருந்து நொய்யலுக்கும் ஒரு நூல் ஒட்டி, கோயம்புத்தூருக்கு ஒரு மிளகு வைத்தேன். அதிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு விரலால் அளந்து பார்த்துவிட்டு, "கிட்டதான் இருக்காங்க, வரச் சொல்லுங்க" என்றான்.

ஆடிப் பெருக்குக்கு ரெண்டு பேரும் வந்துவிடுங்கள். திண்ணையில் இன்னொரு நாற்காலி போட இடமிருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்