தோழர் என்றால் கட்சிக்காரரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கொங்கு வரலாற்றுக் கட்டுரையில், 1930-களின் ஈரோட்டுப் பிரமுகர் ஒருவரைப் பொதுவுடைமைக்காரர் ஆக்கியிருக்கிறார்கள். ஆதாரம் ஒன்றே ஒன்று: ‘குடி அரசு’ செய்தியில் அவர் பெயருக்கு முன்னால் ‘தோழர்’ என்று இருக்கிறதாம். அது நிற்காதுங்க.

ஈரோட்டிலிருந்து வந்த அந்த வார ஏட்டில் அப்போது எல்லாருமே தோழர்தான். ஐரோப்பா, ரஷ்யா எல்லாம் சுற்றிவிட்டு வந்த கையோடு, 1932 நவம்பர் 13 இதழில் ஈ.வெ.ரா. ஒரு வேண்டுகோள் போட்டார். ம-ள-ள-ஸ்ரீ, திருவாளர், ஸ்ரீஜத், திருமதி எதுவும் வேண்டாம், பெயருக்கு முன்னால் தோழர் என்று மட்டும் போடுங்கள், நம் ஏட்டிலும் இனி அப்படித்தான் என்று. (அவர் வேண்டாமென்ற பட்டங்களில் ‘பெரியார்’ என்பதும் ஒன்று. 1938 நவம்பர் 13-ல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு அதையே அவர் தலையில் கட்டிவிட்டது!)

அப்புறம் வந்த இதழ்களைப் புரட்டினால் வேடிக்கைதான். தோழர் காந்தி, தோழர் சத்தியமூர்த்தி, தோழர் ராஜகோபாலாச்சாரியார். தோழர் என்று மரியாதையாக ஆரம்பித்து, அடுத்த பத்தியிலேயே ஆளை உரித்து எடுத்திருப்பார்கள். கம்யூனிஸ்டுகள்தான் தமக்கு முதல் எதிரி என்று 1952-ல் சட்டமன்றத்திலேயே சொன்னவர் ராஜாஜி. உங்கள் கட்டுரையாளர் கணக்குப்படி அவரும் செங்கொடி பிடித்தவர் ஆகிவிடுவார்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. கோவை மில் பகுதிகளில் இந்தச் சொல் பிறகு செங்கொடிச் சங்கத்தோடு ஒட்டிக்கொண்டது. 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நால்வர் பெயரையும் நினைவுநாளில் தோழர் போடாமல் யாரும் சொல்வதில்லை. சிங்காநல்லூர் பக்கம் ஒருவர் ‘தோழரப் பாத்துட்டு வாரனுங்க’ என்று கிளம்பினால், சங்கச் செயலாளரைப் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம், பேரே சொல்ல வேண்டியதில்லை. ‘சொல்லுங்க தோழர்’ என்று நம்மூர் ‘ங்க’வும் அதோடு சேர்ந்துகொண்டது. இதையெல்லாம் கேட்டுப் பழகிய காதோடு 1933-ஆம் வருஷச் செய்தியைப் படித்தால் தப்பாகத்தான் படும்.

இன்னொன்று. உங்கள் ‘அன்றைய செய்தி’ பகுதியில் தோழரை எடுத்துவிட்டுத் ‘திரு.’ போடுகிறீர்கள். எந்தச் சொல்லை வேண்டாமென்று அந்த ஏடு மெனக்கெட்டு ஒதுக்கியதோ, கிட்டத்தட்ட அதையே திரும்பக் கொண்டுவந்து வைத்த மாதிரி ஆகிறது. உள்ளது உள்ளபடியே இருக்கட்டும், கீழே ஒரு வரி விளக்கம் போதும்.

அந்த ஈரோட்டுக்காரர் எந்தப் பக்கம் என்பதற்கு, அன்றைய தேர்தல்களில் யாருக்காக மேடை ஏறினார் என்று கட்டுரையாளரைத் தேடச் சொல்லுங்கள். அதே ஏட்டிலேயே கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர், பெருந்துறை